குளிசை போட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி:

அன்பின் டொக்டர் அக்கா, 2009இல், வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது, எனக்கு 11 வயது. முல்லைத்தீவு மாத்தளனில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். மார்ச் மாதம் ஒரு காலை, கஞ்சி வாங்கிவரச் சொல்லி அம்மா என்னைத்தான் அனுப்பினா. நான் பஞ்சியில் தம்பியை அனுப்பிவிட்டேன். அவனுக்கு 8 வயது. வரிசைக்கும் எங்கள் கொட்டிலுக்கும் நடுவில் செல் (எறிகணை) விழுந்தது. தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். எனக்கு முதுகிலும் தொடையிலும் செல் துண்டுகள். தறப்பாள் பற்றியெரிந்து வலது கை வெந்துபோனது. செஞ்சிலுவைக் கப்பலில் என்னையும் அம்மாவையும் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். தம்பியை அடக்கம் செய்ய நின்ற அப்பா, பிறகு வரவேயில்லை.

19 வயதில் ஒரு சபைக்குப் போகத் தொடங்கினேன். சாகவேண்டும் என்று இருந்த என்னை இயேசுதான் வாழவைத்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துண்டுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. காலில் மின்சாரம் அடிப்பதுபோல் நோ வரும். கிளினிக்கில் தந்த இரவுக் குளிசை உதவியது. அது மனநோய்க்குக் கொடுக்கிற குளிசை என்று சபையில் ஒருவர் சொன்னார். சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்லிவிட்டுக் குளிசை போடுவது விசுவாசக் குறைவு என்று பாஸ்டர் சொன்னதால் நிறுத்திவிட்டேன். ஆராதனையில் எல்லோரும் கை உயர்த்தும்போது என் வலது கை நீளாது. வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் மேசைக்கடியில் போய்விடுவேன். அது பயத்தின் ஆவியாம். மன்னிக்காததால்தான் நோ போகவில்லை என்கிறார்கள். அம்மா காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்துக்குப் போவா. மன்னித்தவர்கள் அங்கே போகக்கூடாது என்கிறார்கள். இந்த வருடம் எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

குளிசையைப் பற்றி முதலில் பேசுவோம். மற்றவை பொறுக்கும், இது பொறுக்காது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது அமிட்ரிப்டிலின் என்ற மருந்தாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கிளினிக் கொப்பியில் பெயர் இருக்கும், பாருங்கள். மனச்சோர்வுக்குக் கூடிய அளவில் கொடுக்கிற மருந்து அது. நரம்பு நோவுக்கு 10 அல்லது 25 மில்லிகிராம் அளவில் இரவில் கொடுப்போம். அந்தச் சிறிய அளவில் அது காயப்பட்ட நரம்பு அனுப்புகிற பொய்யான செய்திகளைத் தணிக்கிறது. எரிவு, குத்து, மின்சாரம் அடிக்கிற மாதிரி என்று நீங்கள் சொல்கிற நோ, அறுந்தோ நசுங்கியோ ஆறிய நரம்பின் நோ. அதற்குப் பனடோல் பெரிதாகக் கேட்காது. ஆகவே டொக்டர் உங்களை மனநோயாளி என்று முடிவுகட்டி இதைத் தரவில்லை. அப்படியே மனநோய்க்குத் தந்திருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

திடீரென்று நிறுத்தினால் நித்திரை குழம்பும், குமட்டும், எரிச்சல் வரும். நிறுத்திய பிறகு உங்களுக்கு அப்படி ஏதும் வந்திருந்தால், அது மருந்தை ஒரேயடியாக விட்டதன் விளைவு. விசுவாசம் ஆட்டம் கண்டதாக நினைத்துப் பயப்படாதீர்கள். கிளினிக்குக்குப் போய், நிறுத்திவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள்.

உள்ளே இருக்கும் துண்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத்தளனில் அந்த நாட்களில் மயக்க மருந்துக்கே தட்டுப்பாடு. இரத்தத்தை நிறுத்தித் தைத்துவிடுவதுதான் அங்கிருந்த வைத்தியர்களால் முடிந்தது. அதனால் உங்களைப் போல் உடம்பில் இரும்போடு வளர்ந்த பிள்ளைகள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். ஆழத்தில், தசைக்குள், தொந்தரவில்லாமல் கிடக்கிற துண்டைத் தோண்டி எடுக்கப் போனால் அதைவிடப் பெரிய சேதம் வரலாம் என்பதால் பெரும்பாலும் விட்டுவிடுவோம். ஆனால் மூட்டுக்குள் இருந்தால், நரம்பை அழுத்தினால், சீழ் கட்டினால், இடம் மாறினால் எடுக்க வேண்டும். செல் துண்டுகள் பொதுவாக உருக்கு. ஆனால் ஈயம் கலந்த துண்டு ஏதும் மூட்டு நீரில் கிடந்தால் மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரும். ஆகவே எந்த இடத்தில் எத்தனை என்று ஒரு புதிய எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. கலியாணத்துக்கோ பிள்ளை பெறுவதற்கோ இவை தடை இல்லை. கலியாணம் முற்றானதும் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா, பிள்ளை தங்கும் காலத்தில் அந்தக் குளிசையைத் தொடர்வதா மாற்றுவதா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

அப்புறம் அந்தக் கை.

கை நீளாததற்குக் காரணம், முழங்கை மடிப்பில் எரிகாயம் ஆறும்போது தோல் சுருங்கி இறுகியதாகத்தான் இருக்க வேண்டும். அது வளர்கிற வயது. எலும்பு வளர்ந்தது, தழும்பு அதனோடு சேர்ந்து வளரவில்லை. இதை இவ்வளவு காலம் கழித்தும் திருத்தலாம். யாழ் போதனா வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம், கட்டணம் இல்லை. இறுகிய தோலை விடுவித்து, தேவையானால் வேறு இடத்துத் தோலை வைத்துத் தைப்பார்கள். அதன் பிறகு பிசியோதெரபியை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பாதியில் விட்டால் திரும்பவும் இறுகிவிடும். முழுதாக நீளும் என்று கையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. இப்போதைவிட நீளும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவது, ஒரு பெண்ணின் கதையை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவும்தான். வியட்நாமில் டிராங் பாங் என்ற கிராமத்தில் 1972 ஜூன் 8ஆம் திகதி நேபாம் என்ற தீக்குண்டு விழுந்தது. உடுப்பெல்லாம் எரிந்துபோய், கைகளை விரித்தபடி, அழுதுகொண்டு வீதியில் ஓடிவருகிற ஒரு சிறுமியின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிம் ஃபுக். அன்று அவருக்கு 9 வயது. 14 மாதம் வைத்தியசாலையில் இருந்தார். வளர்ந்தபோது நோவும் கசப்பும் சேர்ந்து, சாகலாம் என்ற எண்ணம் வரை கொண்டுபோனது. 1982இல் சைகோன் நகரில் ஒரு நூலகத்தில் புதிய ஏற்பாட்டை எடுத்து வாசித்து, அந்த வருட நத்தாரோடு கிறிஸ்தவரானார். தன்னை வாழவைத்தது அதுதான் என்று இன்றுவரை சொல்கிறார். நீங்கள் சொல்வதைப் போலவே.

இந்தக் கதையைச் சபைகளில் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சத்தையும் நான் சொல்கிறேன். மனம் மாறிய பிறகும் கிம் ஃபுக்கின் தழும்பு நொந்துகொண்டே இருந்தது. விசுவாசித்து 33 வருடங்கள் கழித்து, 2015இல், அமெரிக்காவில் மயாமியில் ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் லேசர் சிகிச்சை தொடங்கினார். பல தடவை போய், 2022இல்தான் முடித்தார். நோ நீங்குவது பரலோகத்தில்தான் என்று அதுவரை எண்ணியிருந்தாராம். இவ்வளவு விசுவாசமுள்ள ஒரு பெண் 50 வயதைக் கடந்து சிகிச்சைக்குப் போய்ப் படுத்தார். அதனால் அவருடைய சாட்சி பொய்யாகிவிட்டதா?

நானும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். தன் சரீரத்து முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை. வயிற்று வருத்தத்தோடு இருந்த தீமோத்தேயுவுக்கு, கொஞ்சம் திராட்சரசம் குடி என்று மருந்துதான் சொல்லி எழுதினார். ஜெபம் போதும் என்று எழுதவில்லை. அவருக்குப் பிரியமான லூக்கா ஒரு வைத்தியர். உங்கள் பாஸ்டர் இந்தப் பகுதிகளை என்னைவிட நன்றாக அறிந்திருப்பார்.

நோவுக்கும் மன்னிப்புக்கும் முடிச்சுப் போடுகிறார்களே, அதை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். காயப்பட்ட நரம்புக்கு நீங்கள் யாரை மன்னித்தீர்கள் என்று தெரியாது. மனப்பாரம் நோவைக் கூட்டும் என்பது உண்மை. அதற்காக, நொந்துகொண்டிருக்கிற ஒருவரிடம் உன் நோவுக்கு உன் பாவம்தான் காரணம் என்று சொல்வது இரண்டாவது காயம்.

வெடிச்சத்தம் கேட்டு மேசைக்கடியில் போவதற்குப் பயத்தின் ஆவி தேவையில்லை. 11 வயதில் நீங்கள் பல மாதங்கள் பங்கருக்குள்ளும் வெளியிலுமாக வாழ்ந்தீர்கள். சத்தம் கேட்டவுடன் யோசிக்காமல் குனிந்த பிள்ளைதான் தப்பியது. உங்கள் உடம்பு அதைப் படித்துவைத்திருக்கிறது. சண்டை முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை மனவடு என்கிறோம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

எங்களிடம் உள்ள சிகிச்சைகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டிவைப்போம். அதுதான் உங்கள் வாழ்க்கை, பிறந்ததிலிருந்து இன்றுவரை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூவை வைக்கச் சொல்வோம், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல்லை. பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கல்லின் பக்கத்தில் மெதுவாக நிற்போம். அன்று என்ன கேட்டது, என்ன மணத்தது, உடம்பு என்ன செய்தது, அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச்சொல்ல நாங்கள் எழுதுவோம். துண்டு துண்டாகக் கிடந்த நினைவு ஒரு கதையாகும்போது, அது இப்போது நடக்கவில்லை, அப்போது நடந்தது என்று உடம்பு விளங்கிக்கொள்ளத் தொடங்கும். எங்கள் வடகிழக்கிலேயே போரையும் 2004 சுனாமியையும் கண்ட பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த முறை, மற்றப் பகுதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். ஆகவே உங்கள் அமைதியான ஜெபமும் மூச்சை மெதுவாக விட்டுப் பாடுகிற பாட்டும் வீணில்லை. விடாதீர்கள்.

ஆனால் மேடையில் சாட்சி சொல்வது இதுவல்ல. சாட்சி முடிவை நோக்கி ஓடும். காயப்பட்டேன், கர்த்தர் காப்பாற்றினார், அல்லேலூயா. கல்லின் பக்கத்தில் நிற்க அங்கே நேரமில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நாளைத் திறந்து, சரியாக மூடாமல் வீட்டுக்குப் போனால், அன்று இரவு உங்களுக்கு எப்படி இருக்கிறது? என்னிடம் வருகிற பலர் சாட்சி சொன்ன இரவில்தான் நித்திரையில்லாமல் இருக்கிறார்கள். கொஞ்சக் காலத்துக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள். அது கர்த்தரை மறுதலிப்பது ஆகாது.

நீங்கள் மேடையில் சொல்லாமல் விடுகிற பகுதி தம்பிதான் என்று நினைக்கிறேன். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்கிற ஒவ்வொரு முறையும், அப்படியென்றால் தம்பியை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி உள்ளே வருமே. நீங்கள் அதை எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதம் கஞ்சி வாங்கப் போகாததில்தான் தொடங்குகிறது.

எந்த வீட்டிலும் மூத்த பிள்ளை தன் வேலையை இளையதின் தலையில் கட்டும். பஞ்சிப்பட்டது குற்றமென்றால் குற்றமில்லாத அக்கா உலகத்திலேயே கிடையாது. செல்லை அடித்தது நீங்கள் இல்லை. அது எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியாது. அன்று காலை உங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பசி, களைப்பு, வரிசை நீளம் என்பதுதான். அந்த 11 வயதுப் பிள்ளையிடம் இன்றைய உங்கள் அறிவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறீர்கள். அது நியாயமில்லை. குற்ற உணர்ச்சி இப்படி ஒட்டிக்கொள்வதற்கும் ஒரு காரணம் உண்டு. என்னால்தான் என்று எண்ணினால், நான் வேறுமாதிரி செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றாகிறது. ஒன்றுமே எங்கள் கையில் இருக்கவில்லை என்பதை ஏற்பது அதைவிடப் பயங்கரம். அந்தப் பயங்கரத்தோடு தனியாக இருக்காமல், பயிற்சியுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து அழுங்கள்.

தம்பியை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் இயேசு சொன்னார். அவர்கள் ஏன், மற்றவர்கள் ஏன் இல்லை என்று விளக்கவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஆறுதல் வரி கிடையாது. வேதத்துக்குள் அதற்கும் இடம் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கர்த்தரிடமே கேளுங்கள், கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை.

சரி, மன்னிப்பு. அதை யாரும் உங்களிடம் தவணை வைத்துக் கேட்க முடியாது. கிம் ஃபுக் கிறிஸ்தவரானது 1982இல். வாஷிங்டனில், வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் நினைவுச்சுவருக்கு முன்னால் நின்று மன்னிப்பைப் பற்றிப் பேசியது 1996 நவம்பரில். இடையில் 14 வருடங்கள். தன் எதிரிகளுக்காக ஜெபிப்பது ஆரம்பத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்னால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் போரில் நின்றவர்கள். உங்களுக்கு முன்னால் வந்து, நாங்கள் செய்தோம் என்று சொன்னவர் யாராவது உண்டா? அப்பா எங்கே என்பதற்கே பதில் வரவில்லை. சிலுவையில் இயேசுவும் பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்று பிதாவிடம்தான் கேட்டார். என்னால் இப்போது முடியவில்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று நீங்களும் ஒப்படைக்கலாம். உங்கள் நிலையில் அதுவே பெரிய காரியம்.

மன்னித்தவர்கள் நீதி கேட்கக்கூடாது என்பதும் சரியில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் சனத்தொகைக் கணக்குகளையே எடுத்துவைத்து, வன்னியில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். விசுவாசம் குறைந்தா கேட்டார்? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி வெயிலிலும் மழையிலும் இருக்கிற தாய்மாருக்கு நடுவில் உங்கள் அம்மா இருப்பது பழிவாங்க இல்லை. புருஷன் எங்கே என்று கேட்க. அம்மா வேறு சாமியைக் கும்பிடலாம், அழுவது ஒரே பிள்ளைக்கும் ஒரே மனிதனுக்கும்தான். உடம்பு இடங்கொடுக்கிற நாளில் நீங்களும் போய்ப் பக்கத்தில் இருங்கள். தம்பியின் திதியிலும் இருங்கள். கஞ்சி மணம் வயிற்றைப் பிரட்டினால் எழுந்து கொஞ்சம் தள்ளி நிற்கலாம், அம்மாவுக்கு விளங்கும்.

சபையை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 19 வயதில் உங்களைக் கைவிடாமல் பிடித்தவர்கள் அவர்கள். பாஸ்டரிடம் தனியாகப் போய், எனக்காக ஜெபியுங்கள், குளிசையை நான் நிறுத்தப்போவதில்லை என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள். அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் கிளினிக்குக்கு உங்களோடு துணைக்கு வருவார். வற்புறுத்தினால், கண்டித்தால், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினால், உங்களை அப்படியே ஏற்கிற வேறு சபை தேடுவதில் பாவம் இல்லை. கலியாணம் பேசுகிறவரிடமும் துண்டுகளையும் குளிசையையும் மறைக்காதீர்கள். அதற்காக விலகுகிறவர் இப்போதே விலகட்டும்.

மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கிருந்து உளவளத்துணைக்கு வழிசெய்வார்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் திரும்பவும் எட்டிப்பார்த்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். போகும்போது பழைய எக்ஸ்ரே, திருகோணமலை வைத்தியசாலையில் தந்த குறிப்பு, கிளினிக் கொப்பி, எது மிஞ்சியிருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் செல் துண்டு இருக்கிறது என்பதை அறைக்குள் போகும் முன்பே சொல்ல வேண்டும். அந்த மெசினில் உள்ள பெரிய காந்தம் உருக்குத் துண்டை அசைத்துவிடலாம். பிள்ளைப்பேற்றின்போது முள்ளந்தண்டில் ஊசி போட வருகிற டொக்டரிடமும் இதையே சொல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எழுதித் தருவார்கள்.